ஒரே கோப்புக்கு மூன்று மறுப்பு, நான்காவது தடவை அனுமதி: செயலிப் பரிசீலனையின் தரத்தை யார் பார்ப்பது?

வாடிக்கணக்கு (திருகோணமலை)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமா உப்புவெளிப் பக்கம் கரைவலைச் சம்மாட்டி, அதாவது கரையிலிருந்து இழுக்கிற வலையின் முதலாளி. வலை இழுக்க வருகிறவர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள், ஒரு நாள் இருபது பேர், இன்னொரு நாள் முப்பது பேர். மீன் விற்ற காசில் ஐஸ், எண்ணெய், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து, மிச்சத்தை எங்கள் வாடி (கரையில் மீன்காரர் தங்கும் கொட்டில்) வழக்கப்படி இரண்டாக்கி ஒரு பாதி சம்மாட்டிக்கு, மறுபாதி இழுத்தவர்களுக்குப் பங்கு. கொப்பியில் எழுதிய காலத்தில் அடிக்கடி வாய்த்தர்க்கம் வரும். அதனால் இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கணக்குக்கென்றே ஒரு செயலி செய்தேன். இப்போது பக்கத்து வாடிகளிலும் பாவிக்கிறார்கள். செயலிக் கடையில் எதை ஏற்றினாலும் கடைக்காரரின் பரிசீலகர் பார்த்து அனுமதிக்க வேண்டும். ஐந்து அப்டேட் போட்டிருக்கிறேன், ஐந்தும் ஒரு கேள்வியும் இல்லாமல் போயின.

ஆறாவதில்தான் எல்லாம். ஒரே நாளில் இரண்டு தடவை ஐஸ் எடுத்தால் இரண்டாவது செலவு முதலாவதை அழித்துவிடும், அப்படி ஒரு பிழை என் கோடில் இருந்திருக்கிறது. அது என் பிழை. அதனால் போனில் காட்டுகிற பங்கு கையில் இருக்கிற காசைவிடக் கூடத் தெரியும், இழுத்த ஆட்கள் சம்மாட்டி ஒளிக்கிறார் என்று நினைப்பார்கள். இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பினேன்.

முதல் மறுப்பு: உள்நுழைய முடியவில்லை. எங்கள் செயலிக்கு இலங்கை இலக்கத்துக்குத்தான் ஓ.டி.பி. வரும், அதற்காகவே பரிசீலகருக்கு ஒரு டெமோ இலக்கமும் மாறாத குறியீடும் குறிப்பில் எழுதியிருந்தேன், முதல் வெர்ஷனிலிருந்தே இருக்கிறது. இரண்டாவது மறுப்பு: செயலியில் போதிய பயன் இல்லை, வெறும் கணக்குப்பொறி போல இருக்கிறது. மூன்றாவது: இது நிதி முதலீட்டுச் செயலி, உரிமப் பத்திரத்தைக் காட்டு. இது எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது, ‘பங்கு’ என்ற சொல்லை ஏதோ மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள், அது பங்குச் சந்தைப் பங்கு என்று சொல்லியிருக்கிறது.

பதில் எழுதினேன், அச்சடித்த பதில்தான் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அதே கோப்பை மறுபடி கொடுத்தேன். ஆறு மணித்தியாலத்தில் அனுமதி. மொத்தம் 19 நாள். வாடை ஓய்ந்து கடல் இறங்கி, வலை நன்றாகப் படுகிற நாட்களில் 19 நாள் மாமா பிழையான கணக்கோடு ஆட்களுக்கு முகம் கொடுத்தார்.

எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது, போய்விடலாம்தான். ஆனால் இதை யோசியுங்கள்: கோப்பு ஒன்றே. அந்த மறுப்பு சரியென்றால் இந்த அனுமதி பிழை, அனுமதி சரியென்றால் மறுப்பு பிழை. இரண்டில் ஒன்று கட்டாயம் பிழை, அது உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியாது. செயலியின் தரத்தைப் பார்க்கிற இடத்தில் தீர்ப்பின் தரத்தை யார் பார்க்கிறார்கள்?

---

துறைமுகவீதி

தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். உங்கள் கடை எது என்று கேட்கவில்லை, பொதுவில் வெளிவந்த எண்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

எபிக் என்ற விளையாட்டுச் செயலி நிறுவனம் ஆப்பிளுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 2021இல் ஆப்பிள் தரப்பு சாட்சியம் சொன்னபோது, ஏறத்தாழ 500 பரிசீலகர்கள், வாரத்துக்கு ஒரு இலட்சம் அளவு செயலிகள் என்று வந்தது. வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு வாரம் 200, ஐந்து நாள் வேலையென்றால் நாளுக்கு 40, எட்டு மணித்தியாலத்தில் ஒன்றுக்கு 12 நிமிடம். அந்த 12 நிமிடத்துக்குள் நிறுவிப் பார்த்து, லாகின் செய்து, விதிகளோடு ஒப்பிட்டு, பதிலும் எழுத வேண்டும். தெரியாத மொழியில் இருந்தால் இன்னும் கஷ்டம்.

அப்புறம், பிழையாக மறுத்தால் உங்களுக்கு 19 நாள் போகும். பிழையாக அனுமதித்தால் என்ன ஆகும்? 2021இல் செய்தியில் வந்தது, டிரெசர் என்ற பிட்காயின் பணப்பையின் பெயரில் ஒரு போலிச் செயலி ஆப்பிளின் கடையில் ஏறி, ஒரே ஆள் 17 பிட்காயின் இழந்தார், அன்றைய விலையில் ஆறு இலட்சம் டொலர். 2024 பெப்ரவரியில் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் செயலிக்கு லாஸ்பாஸ் என்று ஒரு போலி, அதுவும் பரிசீலனை தாண்டித்தான் வந்தது. கூகுள் 2024இல் மட்டும் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட செயலிகளைத் தடுத்ததாகச் சொல்கிறது. எதிரே இருக்கிறவர்கள் அவ்வளவு பேர். இந்த நிலையில் மறுப்பைக் குறைக்கச் சொன்னால் கள்ளனுக்குத்தான் கதவு திறக்கும்.

---

வாடிக்கணக்கு

அண்ணை, மறுப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. உங்கள் 12 நிமிடக் கணக்கையே எடுங்கள். என் ஒரு கோப்புக்கு நான்கு பரிசீலனை, 48 நிமிடம். முதல் ஆள் குறிப்பைப் படித்திருந்தால் 12 நிமிடத்தில் முடிந்திருக்கும். மிச்ச 36 நிமிடம் அந்தப் போலிப் பணப்பையைப் பார்க்கப் போயிருக்க வேண்டிய நேரம். பிழையான மறுப்பும் பிழையான அனுமதியும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்று நான் நினைக்கவில்லை.

---

கணக்குச்சேர்

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், செயலி பற்றி அதிகம் தெரியாது, என் மகன் இந்த இழையைக் காட்டினான். ஆனால் ஒரே தாளுக்கு இரண்டு ஆள் இரண்டு புள்ளி போடுகிற விஷயம் நன்றாகத் தெரியும். உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் பல வருடம் போயிருக்கிறேன்.

நாங்கள் போனதும் நேரே பிள்ளைகளின் தாளில் சிவப்புப் பேனை வைப்பதில்லை. ஒரே விடையின் பிரதியை எல்லோருக்கும் கொடுப்பார்கள். தனித்தனியே இருந்து திருத்த வேண்டும், பக்கத்தில் பார்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவராகப் போட்ட புள்ளியை வாசிப்போம். ஒருவர் 14 என்பார், அடுத்தவர் 9 என்பார். இருவரும் இருபது வருடம் படிப்பித்தவர்கள், இருவரும் கவனமாகத்தான் திருத்தினார்கள். அப்போதுதான் தெரியும் புள்ளித்திட்டத்தில் எந்த வரி மங்கலாக இருக்கிறது என்று. ‘படிமுறை சரியெனில் 2 புள்ளி’ என்று எழுதியிருக்கும், படிமுறை என்றால் எதுவரை என்று எழுதியிருக்காது. அந்த இடத்தில் அரை நாள்கூட வாதாடியிருக்கிறோம். முடிந்தபின் உதாரணத்தோடு எழுதி வைப்போம். வேலை தொடங்கிய பிறகும் தலைமைப் பரீட்சகர் ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் சில தாளை உருவித் திரும்பத் திருத்துவார். வித்தியாசம் கூடினால் அந்தக் கட்டு முழுவதும் திரும்பி வரும். அது அவமானம் என்று ஒருவரும் நினைத்ததில்லை, பிள்ளைகளின் வாழ்க்கை அல்லவா.

தம்பியின் இரண்டாவது மறுப்பைப் பாருங்கள், ‘போதிய பயன் இல்லை’. எவ்வளவு இருந்தால் போதும்? இது புள்ளித்திட்டத்தில் மங்கலான வரி. ஐந்து பேர் பயன் இருக்கிறது என்றார்கள், ஆறாமவர் இல்லை என்றார். ஆறாமவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு பேரையும் ஒரே மேசையில் இருத்தி ஒரே செயலியைக் கொடுத்துப் பார்க்காதவர்களைத்தான் கேட்பேன்.

---

கோணேசபுரி_மாணவி

சேர் சொன்னது ஆராய்ச்சி உலகத்திலேயே நடந்திருக்கிறது. இன்று நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் 2014இல் ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் 166ஐ ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுவிடம் கொடுத்தார்கள். நாலில் ஒன்றுக்கு, சரியாகச் சொன்னால் ஏறத்தாழ 26 சதவீதத்துக்கு, இரண்டு குழுவும் மாறுபட்ட முடிவு சொன்னது. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றை மட்டும் எடுத்தால், ஒரு குழு ஏற்றதில் பாதிக்கு மேல் மற்றக் குழு தள்ளியிருந்தது. 2021இல் திரும்பச் செய்தார்கள், ஏறத்தாழ அதே அளவுதான் வந்தது.

எனக்கு இதில் பிடித்தது முடிவு இல்லை, அளந்து பார்த்து வெளியே சொன்னார்களே, அதுதான். எந்தச் செயலிக் கடையும் இப்படி ஒரு எண்ணைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

---

கிண்ணியா_நானா

தம்பி, நான் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன், பதினொரு வருடம். எங்கள் வேலையே பிழை பிடிப்பது. ஆனால் பிழை பிடிக்கிற ஆளைச் சோதிப்பதும் எங்கள் வேலைதான், இதை வெளியில் இருக்கிறவர்கள் கவனிப்பதில்லை.

இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, தையல் விட்ட துண்டு, எண்ணெய்க் கறை பட்ட துண்டு, ஒரு பிழையும் இல்லாத நல்ல துண்டு, எல்லாவற்றையும் கலந்து, எது எது என்று எழுதி வைத்துக்கொண்டு, பரிசோதிக்கிற பிள்ளைகளிடம் கொடுப்போம். ஒரு வாரம் கழித்து அதே துண்டுகளை வரிசை மாற்றித் திரும்பக் கொடுப்போம். கறையைத் தவறவிட்டாரா என்று மட்டும் பார்ப்பதில்லை, நல்ல துண்டைத் தள்ளினாரா என்றும் பார்ப்போம், போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொன்னாரா என்றும் பார்ப்போம். மூன்றும் வேறு வேறு நோய். செயலிக் கடைக்காரர்கள் இதேபோல் தாங்களே சில செயலிகளைச் செய்து, சிலதில் தெரிந்தே விதிமீறல் வைத்து, சிலதைச் சுத்தமாக வைத்து, வரிசைக்குள் விடலாம். பரிசீலிக்கிறவருக்கு எது சோதனை என்று தெரியக் கூடாது.

மற்றது மாதிரி எடுப்பது. எங்களுக்கு ஏ.க்யூ.எல். அட்டவணை இருக்கிறது, எவ்வளவு பிழை வரை ஏற்கலாம் என்று சொல்கிற அட்டவணை. 1201இலிருந்து 3200 வரை உருப்படி உள்ள லொட் (ஒரு தொகுதி) என்றால் 125ஐ எடுத்துப் பார்ப்போம். ஏற்கக்கூடிய பிழை 2.5 வீதம் என்ற அளவில் 7 பிழை வரை லொட் போகும், 8 வந்தால் முழு லொட்டும் நிற்கும். இப்போது துறைமுகவீதி சொன்ன வாரத்துக்கு ஒரு இலட்சத்தை அதே அட்டவணையில் வையுங்கள். 500 போதும். ஒரு இலட்சம் தீர்ப்பில் 500ஐ எடுத்து, முதல் ஆள் என்ன சொன்னார் என்று காட்டாமல் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். பரிசீலகர் 500 பேர், மாதிரி 500, ஆளுக்கு வாரம் ஒன்று கூட. ஒரு ஆளுக்கு வாரத்தில் 12 நிமிடம். ஆள் பற்றாக்குறை என்று சொல்ல வழியே இல்லை.

ஒன்று முக்கியம். மறுத்தவற்றிலிருந்து மட்டும் மாதிரி எடுக்கக் கூடாது, அனுமதித்தவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். மறுத்தவர்கள் எப்படியும் முறைப்பாடு செய்வார்கள். பிழையாக அனுமதித்த போலி ஒன்றும் தன்னைப் பற்றி முறைப்பாடு செய்யாது.

---

துறைமுகவீதி

நானா, அந்த ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு என்னை யோசிக்க வைத்துவிட்டது. நான் இதை ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படுகிற விஷயமாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒரு இடத்தில் உங்கள் முறை பிடிக்காது. அந்தப் போலிப் பணப்பை முதலில் கோப்புகளைப் பூட்டுகிற சாதாரணச் செயலி என்றுதான் உள்ளே போனதாம், அனுமதி வாங்கிய பிறகுதான் பணப்பையாக மாறியது என்று ஆப்பிளே சொன்னது. துணி தொழிற்சாலையை விட்டுப் போன பிறகு நிறம் மாறுவதில்லை. செயலி மாறும்.

---

கிண்ணியா_நானா

உண்மை. அப்படியென்றால் மாதிரியை வாசலில் மட்டும் எடுக்காமல் கடைத் தட்டில் ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும், ஒரு சாதாரண ஆள் பாவிப்பது போலப் பாவித்து. பணம், கடவுச்சொல், பிள்ளைகள் சம்பந்தப்பட்டவற்றில் கூடுதலாக.

---

பத்திரகாளிகோவிலடி

மேன்முறையீடு செய்யலாமே? அதற்கு ஒரு சபையே இருக்கிறதுதானே.

---

வாடிக்கணக்கு

இருக்கிறது. ஆப்பிளில் 2020 ஜூனில் ஹே என்ற மின்னஞ்சல் செயலியோடு பெரிய பிரச்சினை வந்து, அந்த மாதமே இரண்டு மாற்றம் அறிவித்தார்கள். ஒன்று, தீர்ப்பை மட்டுமில்லாமல் விதியையே எதிர்த்துக் கேட்கலாம். இரண்டு, ஏற்கெனவே கடையில் இருக்கிற செயலிக்குப் பிழை திருத்தம் அனுப்பினால், சட்டப் பிரச்சினை தவிர மற்ற விதிமீறல்களுக்காக அதை நிறுத்தி வைக்க மாட்டோம். நல்ல மாற்றம் என்று மனதாரச் சொல்வேன். எல்லாக் கடையிலும் இந்த இரண்டாவது இருந்திருந்தால் மாமாவுக்கு 19 நாள் போயிருக்காது.

ஆனால் மேன்முறையீட்டின் எண்களைப் பாருங்கள். ஆப்பிளின் 2022ஆம் வருட வெளிப்படை அறிக்கையில் கடையிலிருந்து நீக்கப்பட்ட செயலிகளுக்காக 18,412 மேன்முறையீடு, திரும்ப ஏறியது 616. நூறுக்கு மூன்றுதான். நீக்கியதெல்லாம் சரியாக நீக்கப்பட்டது என்றும் இதற்கு அர்த்தம் எடுக்கலாம், மேன்முறையீட்டைப் பார்ப்பவர் முதல் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டே பார்க்கிறார் என்றும் எடுக்கலாம். எது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது.

---

கணக்குச்சேர்

அதே அறிக்கையை மகன் எடுத்துத் தந்தான். அந்த வருடம் பரிசீலனைக்கு வந்தது 61 இலட்சம், மறுத்தது ஏறத்தாழ 16 இலட்சத்து 80 ஆயிரம், மறுத்த பிறகு அனுமதி பெற்றது 2 இலட்சத்து 53 ஆயிரம். இந்தக் கடைசி எண்ணில்தான் என் கண் நிற்கிறது. இதற்குள் எத்தனை பேர் பிழையைத் திருத்திக்கொண்டு வந்தவர்கள், எத்தனை பேர் ஒன்றும் மாற்றாமல் அதையே திரும்பக் கொடுத்தவர்கள்? அந்தப் பிரிப்பு இல்லை. இரண்டு கோப்பும் ஒன்றா என்று கணினிக்கு ஒரு நொடியில் தெரியும். மறுத்த கோப்பு மாற்றமில்லாமல் அனுமதி பெற்றால் அது அவர்களுக்கே மணி அடிக்க வேண்டும். வேறு ஆராய்ச்சியே தேவையில்லை, தம்பி மாதிரி ஆட்கள் இலவசமாகச் சோதனை செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

---

கோணேசபுரி_மாணவி

சேர், இது மிக நல்ல யோசனை. மாற்றமில்லாத மறுசமர்ப்பிப்பு என்று ஒரு தனி எண்ணே வைக்கலாம், எந்த விதியில் கூட வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் மங்கலான வரிகள் தானாகவே மேலே வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் தடையும் தொல்லை இல்லை. கூகுளில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால் செயலியை வெளியிடுமுன் ஆட்களை வைத்து 14 நாள் தொடர்ச்சியாகச் சோதிக்க வேண்டும், முதலில் 20 பேர், 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். எங்கள் குழு பேருந்து நேரச் செயலிக்கு ஆட்களைத் தேடி நிலாவெளி வீதியில் கடை கடையாகப் போனோம். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் ஐந்தாம் நாள் ஒரு அம்மா, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் நேரமே திரையை விட்டு வெளியே போகிறது என்று காட்டினார். எந்தப் பரிசீலகரும் அதைப் பிடித்திருக்க மாட்டார். விதி என்ன, எத்தனை பேர், எத்தனை நாள் என்று தெளிவாக எழுதியிருந்தது, யார் பார்த்தாலும் ஒரே தீர்ப்புத்தான் வரும். எனக்குத் தெளிவான கடினம் பரவாயில்லை.

---

துறைமுகவீதி

அது சரி தங்கச்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் ஒரு விதி இருக்கிறது, இணையத் தளம் ஒன்று அங்குள்ள வியாபாரியைக் கட்டுப்படுத்தினாலோ நீக்கினாலோ காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், உள்ளேயே முறைப்பாடு கேட்கிற வழியும் வைத்திருக்க வேண்டும். செயலிக் கடைகளும் அதற்குள் வரும். ஆனால் அது அங்கே நிறுவப்பட்டவர்களுக்கு. திருகோணமலையில் இருந்து அனுப்புகிறவருக்கு அந்த விதி கை கொடுக்காது.

---

பத்திரகாளிகோவிலடி

அப்படியென்றால் நாங்கள் இங்கே இருந்து என்னதான் செய்யலாம்?

---

வாடிக்கணக்கு

மொழிப் பிரச்சினையை நாங்களே கொஞ்சம் குறைக்கலாம். ‘பங்கு’ பட்டதற்குப் பிறகு நான் பரிசீலகர் குறிப்பில் முதல் வரியாக டெமோ இலக்கம், அடுத்து ஒரு நிமிடத் திரைப்பதிவு, அதன் கீழே செயலியில் வருகிற சொற்களுக்கு இந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பங்கு என்றால் வலை இழுத்ததற்கு அன்றைக்குக் கிடைக்கும் கூலிப் பகுதி, முதலீடு இல்லை. வாடி என்றால் கரையில் மீன்காரர் தங்கும் கொட்டில்.

இதை எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியலாக்கலாம் என்று நினைக்கிறேன். தமிழ் தெரிந்த ஒருவர் தமிழ்ச் செயலியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான தீர்வு, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் இது.

---

கிண்ணியா_நானா

கழிவைச் சேருங்கள் தம்பி. தரகுக் காசுக்கும் கழிவு, குப்பைக்கும் கழிவு. என் மச்சானின் மீன் மொத்த வியாபாரச் செயலியில் ‘கழிவு 5 வீதம்’ என்று இருந்ததை மீனில் ஐந்து வீதம் அழுகல் என்று எடுத்து, உணவுப் பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள்.

---

கோணேசபுரி_மாணவி

சீட்டு. பேருந்துச் சீட்டு, ஏலச் சீட்டு, சீட்டாட்டம், மருந்துச் சீட்டு. எங்கள் செயலியில் ‘சீட்டு எடுத்தீர்களா’ என்று ஒரு வரி இருக்கிறது, இதை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது.

---

கணக்குச்சேர்

வட்டி, வட்டம் இரண்டையும் பாருங்கள். புள்ளி என்பதையும்.

---

வாடிக்கணக்கு

எல்லாம் சேர்த்தாயிற்று, இப்போது 23 சொல். ஒவ்வொன்றுக்கும் நேரே செயலியில் வந்த வரியையும் எழுதுகிறேன், தனிச் சொல்லாகக் கொடுத்தால் திரும்ப இயந்திரத்தில்தான் போடுவார்கள். மறுப்புக் கடிதம் கையில் இருக்கிறவர்கள் பெயர், இலக்கம் அழித்துவிட்டு அனுப்புங்கள். எந்த விதி, எத்தனையாவது தடவை, கோப்பு மாறியதா இல்லையா, இந்த மூன்றும் மட்டும் தெரிந்தால் போதும்.

நேற்று மாலை வாடிக்குப் போயிருந்தேன். ஐஸ் இரண்டு தடவை எடுத்த நாள். போனில் காட்டியதும் மேசையில் இருந்த காசும் சரியாக இருந்தன, மாமா போனை ஆட்கள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எண்ணிக் கொடுத்தார்.